ஸ்பிட்டி சாலையில் ஒரு பழைய ஜிப்சி

ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்குப் போகிற இமாச்சல அரசுப் பேருந்துக்கு ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. பின்சக்கரம் மட்டுமே தள்ள, கூரையில் மூட்டை முடிச்சுகளோடு, சட்லெஜும் ஸ்பிட்டியும் கலக்கிற காப் பாலத்தைத் தாண்டி, நாக்கோவை நோக்கிச் செங்குத்தாக ஏறும் வளைவுகளை அது அலட்டிக்கொள்ளாமல் கடந்துபோனது. நாங்கள் அதன் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போனோம்.

“அந்த வண்டிக்கு முன்சக்கரம் இழுக்காதுல்ல? பின்ன நாம எதுக்குத் தம்பி இதத் தேடிப் பிடிச்சு வாங்குனோம்?” என்றார் அண்ணன்.

அண்ணனுக்குப் போடிநாயக்கனூரில் பட்டறை. போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவர். பழைய வண்டி ஒன்று பார்க்கச் சண்டிகர் வரை துணைக்கு வர வேண்டும் என்று கேட்டபோது, “நான் கீழ பாத்து முடிக்கிற வரைக்கும் நீங்க வெலையப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது” என்ற ஒரே நிபந்தனையோடு ரயிலேறினார். வாங்கிய வண்டியை அங்கிருந்தே கின்னௌர் வழியாக ஸ்பிட்டிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குக் கொண்டுவருவது என்று ஏற்பாடு. மலைச்சாலையில் ஒரு வாரம் ஓடினால் வண்டியின் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பேருந்தைப் பார்த்து அவர் கேட்டது விளையாட்டுக் கேள்விதான். ஆனால் பழைய ஃபோர் வீல் வண்டி தேடுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே. இந்தச் சாலையில் பெரும்பகுதிக்கு வேண்டியது உயரமான அடிப்பகுதி, கெட்டியான டயர், சூடேறாத என்ஜின், பிடிக்கிற பிரேக். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய இடங்கள் மொத்தப் பயணத்தில் சில நிமிடங்கள்கூட வராது. அந்தச் சில நிமிடங்களுக்காக வாங்குகிற வண்டி மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓட வேண்டும். விளம்பரத்தில் ‘4x4’ என்ற எழுத்தைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

வடக்கே வண்டி தேடப் போவதற்குக் காரணம் உண்டு. தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுகளை 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஆமோதித்தது. அதற்குப் பிறகு அந்த விதி தளர்வதும் இறுகுவதுமாக இருக்கிறது என்றாலும், எட்டு ஒன்பது வயதான ஃபார்ச்சூனர், எண்டவர், பஜேரோ ஸ்போர்ட் எல்லாம் தெற்கே விற்கும் விலையைவிட இறங்கி அங்கே கிடைக்கும். இதில் எண்டவர் நம் மறைமலை நகரில் பிறந்தது. பழைய பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டது. இரண்டும் அருமையான வண்டிகள். ஆனால் ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பஜேரோவுக்கோ உதிரி தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். ஒரகடத்தில் செய்த டஸ்டர் ஆல் வீல் டிரைவ் எனக்குப் பிடித்த வண்டி. சொகுசு, எடை குறைவு, பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். ஆனால் அதில் லோ கியர் பெட்டி கிடையாது. குட்டையான முதல் கியரை வைத்துச் சமாளிக்கலாம். சுமையோடு செங்கல் செங்கலாகக் கல் கிடக்கும் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச் வாடை வரும்.

2010-இலிருந்து 2020 வரை வந்த பழைய மஹிந்திரா தாரை அண்ணன் பெரிதும் விரும்பினார். ஜீப்பு வளர்த்த கை அல்லவா. நாங்கள் பார்த்த தார்கள்தான் சரியில்லை. ஒவ்வொன்றிலும் முந்தைய உரிமையாளர் தன் ஆசைகளைப் பூட்டியிருந்தார்: உயர்த்திய சஸ்பென்ஷன், லாரிக்குப் போடலாம் போன்ற டயர், முன்னால் இரும்புத் தடுப்பு, விஞ்சு, கூரை முழுக்க விளக்கு. விற்பவர்கள் இதையெல்லாம் விலையில் சேர்த்துச் சொல்கிறார்கள். அண்ணன் அதே பட்டியலைக் கழித்தல் கணக்கில் எழுதுகிறார். பெரிய டயர் போட்டால் கிரவுன் பினியனுக்கும் ஆக்சிலுக்கும் வேலை கூடும். விஞ்சு இருந்தால் வண்டி எங்கோ புதைந்திருக்கிறது. பாடியில் ஒரு கீறலும் இல்லாமல், கீழே டிஃபரன்ஷியல் குடுவையில் மட்டும் கல் அடித்த பள்ளங்கள் இருந்தால் பெயின்ட் புதிது என்று அர்த்தம். சட்டமும் இந்த அலங்காரங்களுக்கு எதிர்ப்பக்கம்தான். வண்டியின் முன் தடுப்புக் கம்பிகள் கூடாது என்று மத்திய அரசு 2017 கடைசியில் சொன்னது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு மாநிலத்தில் மறுபதிவுக்கு நிற்கும்போது இந்த ஆசைகளையெல்லாம் கழற்றி வைக்க வேண்டி வரும்.

கடைசியில் நாங்கள் போய் நின்றது ஒரு ஓய்வுபெற்ற மனிதரின் வீட்டு வாசலில் இருந்த மாருதி ஜிப்சி முன்னால். எதுவும் மாற்றாத, பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாத ஹார்டு டாப்.

ஜிப்சி 1985 டிசம்பரில் வந்தது. சுசூகியின் எஸ்ஜே வரிசைச் சிறிய ஜீப்பின் நீளமான வடிவம். 2000-இல் 1.3 லிட்டர் என்ஜினுக்கு எம்பிஎஃப்ஐ வந்து 80 குதிரைத்திறன் ஆனது. 2019-இல் பொதுமக்களுக்கு விற்பது நின்றுவிட்டது. ஏணிபோல் சேசி, முன்னும் பின்னும் ஒற்றை உருட்டு ஆக்சில், நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். மொத்த எடை ஏறத்தாழ ஒரு டன். ராணுவம் இதை அவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்ததற்கு இந்த எடையும் எளிமையுமே காரணம். ராணுவம் கழித்துவிட்ட ஜிப்சிகளும் ஏலத்தில் வந்து வியாபாரிகளிடம் நிற்கின்றன. அவற்றில் இயந்திரத்தைவிடக் காகிதம்தான் பெரும் ஆபத்து. ஏலப் பத்திரத்திலிருந்து பதிவு எண் வரை ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அது வண்டி இல்லை, இரும்பு.

அண்ணன் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. நாங்கள் வருவதற்கு முன் வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைப் பேசும். ஒரே சாவியில் கிளம்பியது. புகைபோக்கியில் நீலம் இல்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் பால்போல் வெளுத்திருக்கவில்லை. அத்தோடு என்ஜினை விட்டுவிட்டார். “என்ஜினுக்கு நம்மகிட்ட வைத்தியம் இருக்கு தம்பி. சேசிக்கு இல்ல.”

பிறகு ஒரு கோணிச் சாக்கை விரித்துக் கீழே போனார். கையில் சின்னச் சுத்தியல். சேசியின் முன்முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ணங்கென்றது. பட்டைகளைச் சேசியோடு பிடிக்கும் கொக்கிகளிலும், பாடி உட்காரும் ரப்பர்களின் பக்கத்திலும் நின்று நின்று தட்டினார். துரு அங்கேதான் உள்ளிருந்து தின்னும். தின்ற இடத்தில் சத்தம் மொத்தென்று விழும். கீழ்ப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் தட்டிப் பார்க்கவே வேண்டாம், கிளம்பிவிடலாம் என்பது அவர் கட்சி. இதில் பழைய பெயின்டும் பழைய மண்ணும் இருந்தன. வெல்டிங் தழும்பு இல்லை. சேசியில் குத்தியிருந்த எண்ணை வெள்ளைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்தெடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டார்.

முன்சக்கரத்துக்கு உட்புறம், ஸ்டீரிங் திரும்பும் உருண்டையில் கிரீஸும் எண்ணெயும் கலந்து கசிந்திருந்தது. சீல் போயிருக்கிறது. இந்தச் சிறிய உருண்டையின் பேரிங் தேய்ந்தால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீரிங் கைக்குள் அடங்காமல் உதறும். ஒற்றை ஆக்சில் வண்டிகளின் பரம்பரை வியாதி அது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் சொல்பம். பொறுக்கலாம் என்று குறித்துக்கொண்டார்.

அதே ஜாக்கியிலேயே ஃபோர் வீலையும் சோதித்தார். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்துவிட்டு, ஃபோர் வீல் லீவரைப் போடச் சொன்னார். தூக்கியிருந்த முன்சக்கரத்தை இரண்டு கையாலும் திருப்பினார். அசையவில்லை. அசையாமல் நின்றால் முன்னாலும் பின்னாலும் கோத்துக்கொண்டது என்று பொருள். சும்மா சுற்றினால் லீவர் பெயருக்கு இருக்கிறது. அடுத்து மண்தரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். லோ கியரில் விழுகிறதா, விழுந்தது நழுவாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் யாரும் அந்த லீவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். பட்டனில் ஃபோர் வீல் விழும் சஃபாரி, ஸ்கார்ப்பியோ வகைகளில் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் உபயோகம் இல்லாமலே செத்துப்போயிருக்கும். பின்கதவில் எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டு, கீழே முன் ஷாஃப்டே இல்லாத வண்டியையும் அண்ணன் பார்த்திருக்கிறார்.

டயர் நான்கும் ஸ்டெப்னியும் ஒரே அளவா என்று பார்ப்பதும் ஃபோர் வீல் சோதனைதான். இந்த வகை வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். அளவு மாறிய டயர் மாட்டினால் கியர் பெட்டிக்குள் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டக்கூடாது என்பதும் இதனால்தான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூக்கள் நிறைய இருந்தும் வயதான டயரை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்த வண்டியின் டயர்களை மாற்றியே தீர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச அனுமதி கிடைத்தது. வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொண்டு மீதிக்குத்தான் விலை பேச வேண்டும் என்பது போடிப் பட்டறையின் சூத்திரம். அந்த மூன்றில் ஒரு பங்கு டயர், பேட்டரி, பிரேக், எல்லாப் பெட்டிகளுக்கும் புது ஆயில் என்று சண்டிகரிலேயே பாதி கரைந்தது.

நாக்கோவுக்கு அப்பால் மலிங் நாலா. மலையே சரிந்து சரிந்து வரும் இடம். எல்லைச் சாலை அமைப்பின் பொக்லைன் கல்லைத் தள்ளி முடிக்கும் வரை வரிசையில் நின்றோம். பிறகு முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனதில் ஃபோர் வீலுக்கு வேலையே வரவில்லை. சும்தோ சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஸ்பிட்டி. 996-இல் எழுந்த தாபோ மடாலயத்தின் மண்சுவர்கள் இருக்கும் ஊரில் ராத்தங்கினோம்.

தூங்குவதற்கு வண்டியின் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்திருந்தோம். உள்ளே சாமான், மேலே மெத்தை. குள்ளமான அண்ணனுக்குக் குறுக்கே படுக்க இடம் போதும். எனக்கு வெளியே சின்னக் கூடாரம். கூரையில் விரிக்கும் கூடாரம் இப்போது பெரிய மோகம். ஒரு டன் எடையுள்ள குறுகலான வண்டியின் தலையில் இன்னும் ஐம்பது அறுபது கிலோவை ஏற்றினால் வளைவில் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல பௌதிகம் தெரிய வேண்டியதில்லை. எடை எல்லாம் கீழே, ஆக்சில்களுக்கு நடுவே இருக்க வேண்டும். தண்ணீர் கேன் முன் இருக்கைக்குப் பின்னால், கருவிப்பெட்டி அதன் பக்கத்தில், போர்வை மட்டும் மேலே. சமையலுக்குப் பிரஷர் குக்கர் கட்டாயம். 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியை நெருங்கும்போதே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி எவ்வளவு நேரம் வெந்தாலும் விதையாகவே இருக்கும்.

காஜாவில்தான் நாங்கள் வண்டியைச் சரியாகத் தேர்ந்தோமா என்பது தெரிந்தது. அங்கே பட்டறைகள் உண்டு. டாக்ஸி சுமோவையும் பொலேரோ கேம்பரையும் ஆல்ட்டோவையும் பார்த்துப் பழகிய கைகள். பட்டை உடைந்தால் அங்கேயே சேர்ப்பார்கள், ரேடியேட்டர் ஒழுகினால் பற்றவைப்பார்கள். கடைவீதி ஓரத்தில் கர்நாடகப் பதிவெண்ணோடு ஒரு விலையுயர்ந்த டீசல் வண்டி நின்றது. கூரையில் கூடாரம், பக்கத்தில் மண்வெட்டி, ஏணி, எல்லாம் இருந்தன. ஏதோ ஒரு சென்சார் கோளாறு. வண்டி வேகமெடுக்க மறுத்தது. அதைப் படிக்கிற கருவி அங்கே எவரிடமும் இல்லை. பாகம் கீழேயிருந்து வந்தாக வேண்டும். உள்ளே இருந்த இளைஞர்கள் பாவம், போனில் சிக்னல் தேடி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். நல்ல வண்டிதான். ஆனால் எந்த வண்டியும் அது போகிற ஊரின் கடைசிப் பட்டறைக்குத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைக்கிறேன். லடாக்கோ ஸ்பிட்டியோ போகிறவர், வண்டி பார்க்கும் முன் அங்கே ஓடும் டாக்ஸிகள் எவை என்று பார்த்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

காஜா பங்கில் 40 லிட்டர் டேங்கை வாய்வரை நிரப்பினோம். மணாலி பக்கம் இறங்கும் ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் வேறு பங்க் கிடையாது. ஜிப்சி தாராளமாகக் குடிக்கும். லோ கியரில் இன்னும் கூடுதல். கணக்குப்படி போதும் என்றாலும் ஒரு கேனில் தனியாக எடுத்துக்கொண்டோம்.

லோசரைத் தாண்டிக் குன்சும் கணவாய் ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கியது. 4,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் தன் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை அங்கே இழந்துவிடும். எம்பிஎஃப்ஐ ஆனதால் பெட்ரோலையாவது காற்றுக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டது; பழைய கார்புரேட்டர் ஜிப்சி என்றால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு நின்றிருக்கும். 2000-க்கு முந்தைய ஜிப்சியை மலைப்பயணத்துக்கு வாங்காதீர்கள் என்று சொல்ல இது ஒன்றே போதும். டர்போ டீசல் வண்டிகள் எங்களைச் சுலபமாக முந்திப்போயின. அந்த இடத்தில் அவற்றின் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

கணவாய்க்கு அந்தப்பக்கம் பாத்தல். அங்கிருந்து கிராம்ஃபு வரை சாலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். சந்திரா ஆற்றின் ஓரமாக உருண்டைக் கற்களின் மேல் ஓட்ட வேண்டும். பனியாறுகளிலிருந்து இறங்கும் நாலாக்கள் சாலையின் குறுக்கே ஓடும். வெயில் ஏற ஏறப் பனி உருகி நாலா பெருகும். விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற நீர் பிற்பகலில் வண்டியைத் தள்ளும். அதனால் இருட்டு பிரியும் முன்பே கிளம்பினோம்.

முதல் பெரிய நாலாவில் எங்களுக்கு முன்னால் ஒரு உள்ளூர் பிக்கப் நின்றது. ஓட்டுநர் இறங்கித் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஒரு கல்லை எடுத்து நடுவில் போட்டார். சத்தத்தை வைத்து ஆழம் பார்க்கிறார் என்று அண்ணன் சொன்னார், தோட்டத்துக்காரர்களும் அப்படித்தானாம். பிக்கப் கடந்த தடத்தை மனதில் வாங்கிக்கொண்டு, வண்டியை முழுவதுமாக நிறுத்தி, குட்டி லீவரை லோவுக்கு இழுத்தேன்.

“ஒண்ணுலயே வைங்க. கிளட்சத் தொடாதீங்க. நடுவுல என்ன ஆனாலும் கியர் மாத்தாதீங்க. ஆக்சிலேட்டர் ஒரே மாதிரி இருக்கட்டும்.”

சக்கரத்துக்கடியில் கற்கள் புரள்வது இருக்கை வரை தெரிந்தது. முன் இடது சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. பின்சக்கரம் ஒன்று வழுக்கிச் சுற்றியது. வெறும் பின்சக்கர வண்டி என்றால் பயணம் அங்கே முடிந்திருக்கும். முன்பக்கம் பிடித்து இழுத்தது. நடைவேகம்கூட இல்லை. நீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டு விலகியது. பம்பர் அக்கரையில் தலைநீட்டியதும் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி வண்டியின் கதவைத் தட்டிக்கொடுத்தார், காளையைத் தட்டுவதுபோல.

சத்ரு தாபாவில் நான் பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள் அவர் மறுபடி வண்டிக்கு அடியில். டிஃபரன்ஷியலின் மேல் போல்ட்டைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். நீர் புகுந்திருந்தால் ஆயில் காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். பின்னால் சுத்தம். முன் உருண்டையில், கசிந்த அதே சீல் வழியாக, லேசாகக் கலங்கியிருந்தது. மணாலி போனதும் சீலை மாற்றி, கிரீஸை வழித்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். ஆற்றைக் கடந்த பழைய வண்டியை அப்படியே நிறுத்திவிட்டால் பேரிங் உள்ளேயே துருப்பிடித்து, அடுத்த பயணத்தில்தான் கணக்குத் தீர்க்கும். விற்பனைக்கு வரும் வண்டிகளில் பாதி இந்த நிலையில்தான் வருகின்றன.

2020-இல் திறந்த அடல் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வழுவழுப்பான சாலை எங்கள் காதுகளுக்கு அந்நியமாக இருந்தது. மணாலியில் சீல், சண்டிகரில் காகித வேலை. தடையில்லாச் சான்றுக்கு 28-ஆம் படிவம், பெயர் மாற்றத்துக்கு 29-உம் 30-உம். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கி விடுவித்ததற்கு 35. நம் மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் மறுபதிவும் சாலை வரியும் கட்டாயம். வடக்கே மலிவு என்று வாங்குகிறவர்கள் இந்த வரியைச் சேர்த்துக் கூட்டினால் மலிவு எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். 15 வயது தாண்டினால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிப்பு வேறு.

அதன் பிறகு 44-ஆம் எண் நெடுஞ்சாலை. ஸ்பிட்டியில் ராஜாவாக இருந்த வண்டி ஆக்ரா தாண்டியதும் தண்டனையாக மாறியது. எங்கள் ஜிப்சியில் ஏசி இல்லை, பவர் ஸ்டீரிங் இல்லை. 80-க்கு மேல் போனால் என்ஜினும் காற்றும் சேர்ந்து போடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பையும் பட்டை முதுகெலும்பில் எண்ணிக் காட்டும். தமிழ்நாட்டிலிருந்து இமயத்துக்குச் சொந்த வண்டியில் போய்வருகிறவருக்குப் பயணத்தின் பெரும்பகுதி நாற்கரச் சாலைதான். குடும்பத்தோடு போகிறவர் என்னிடம் கேட்டால், நல்ல முறையில் வைத்திருந்த ஸ்கார்ப்பியோ ஃபோர் வீலோ ஃபார்ச்சூனரோ பார்க்கத்தான் சொல்வேன். காஜா டாக்ஸிக்காரர்களுக்கும் மஹிந்திரா புதிதில்லை. ஜிப்சி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு வார இறுதியில் ஏறி இறங்குகிறவர்களுக்கான வண்டி.

நாக்பூருக்குத் தெற்கே ஒரு டீக்கடையில் அண்ணன் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். டயரைத் தொட்டுப் பார்த்தார். ரேடியேட்டரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“வண்டிய ஒரு கொறையும் சொல்ல முடியாது தம்பி. ஆனா இங்கருந்து போடிக்கு ரயில் இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றார்.